நாயின் முதுகெலும்பு முறிவும் எக்ஸ்ரேயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்டியில் அடிபட்டோ மாடியிலிருந்து விழுந்தோ பின்னங்கால்கள் இழுபட வரும் நாய்களைப் பற்றிய கேள்விகள் இவை. சில கேள்விகள் நாய் வளர்ப்பவர்களுடையவை. சில, சிறு கிளினிக்கில் ஒரே ஒரு எக்ஸ்ரே இயந்திரத்தை வைத்து வேலை பார்க்கும் இளம் கால்நடை மருத்துவர்களுடையவை. முள்ளெலும்புகளை மருத்துவமனையில் சொல்வது போலவே எண்ணியிருக்கிறோம்: கழுத்தில் 7 (சி1 முதல் சி7), மார்பில் 13 (டி1 முதல் டி13), இடுப்பில் 7 (எல்1 முதல் எல்7), பிறகு மூன்று எலும்புகள் ஒட்டி ஒன்றான திரிகம், அதன் பின் வால்.

அடிபட்ட நாயை எப்படித் தூக்கி வருவது?

கையில் அள்ளித் தூக்காதீர்கள். நாய் எந்தப் பக்கம் சாய்ந்து கிடக்கிறதோ அதே பக்கமாக, இருவர் சேர்ந்து, தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் நகர்த்தி ஒரு பலகையின் மேல் இழுத்து வையுங்கள். ப்ளைவுட், பழைய அலமாரிக் கதவு என வளையாத எதுவும் போதும். போர்வை நடுவில் தொய்ந்து முதுகை வளைக்கும். வேறு வழியே இல்லையென்றால் நான்கு மூலையையும் விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தோளுக்கு மேல் ஒரு பட்டை, இடுப்பெலும்புக்கு மேல் ஒரு பட்டை போட்டு நாயைப் பலகையோடு கட்டுங்கள். மார்பையும் வயிற்றையும் இறுக்கக் கூடாது, மூச்சு தடைபடும்.

வலியில் சொந்த நாயே கடிக்கும். துணிப்பட்டையால் வாயைக் கட்டலாம். வாந்தி எடுத்தாலோ மூச்சுத் திணறினாலோ கட்டக் கூடாது. தெருநாய் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குப் போங்கள்.

வந்தவுடன் எக்ஸ்ரே எடுக்காமல் ஏன் காக்க வைக்கிறார்கள்?

முதுகு உடைந்ததால் நாய் உடனே சாவதில்லை. மார்புக்குள் காற்று சேர்ந்தாலோ, நுரையீரல் கன்றியிருந்தாலோ, வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தாலோ, மூத்திரப்பை கிழிந்திருந்தாலோ சாகும். முதுகு முறியும் அளவுக்கு அடி வாங்கிய உடலில் இவை கூடவே இருப்பது சாதாரணம். ஆக்சிஜன், சலைன் பாட்டில், வலி மருந்து எல்லாம் முதலில். மார்புப் படம் அதற்கடுத்து. நாய் பலகையில் கட்டிக் கிடக்கும் வரை, முதுகுப் படத்துக்காக ஒரு மணி நேரம் காத்திருப்பதால் நஷ்டம் இல்லை.

எக்ஸ்ரேக்கு முன் நரம்புப் பரிசோதனையில் என்ன பார்க்க வேண்டும்?

மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் இதை முடித்துவிட வேண்டும். கொடுத்த பிறகு கிடைக்கும் பதில்களை நம்ப முடியாது. நாயை நிற்க வைத்தோ நடக்க வைத்தோ பார்க்கக் கூடாது. படுத்தபடியே பார்க்க முடிந்ததே போதும்.

நான்கு கால்களின் அனிச்சைகள், குதத்தைத் தொட்டால் சுருங்குகிறதா, வால் தானாக அசைகிறதா, முதுகுத் தோலைக் கிள்ளினால் துடிக்கிறதா என்று வரிசையாகப் பாருங்கள். தோல் துடிப்பு ஒரு கோட்டோடு நின்றுபோனால், அடி பெரும்பாலும் அந்தக் கோட்டுக்கு ஓரிரு முள்ளெலும்பு முன்னே தலைப்பக்கமாக இருக்கும். பின்னங்கால் செயலிழந்தும் முழங்கால் தட்டலுக்கு நல்ல துள்ளல் இருந்தால் அடி டி3-க்கும் எல்3-க்கும் இடையில். துள்ளலே இல்லாமல் கால் துவண்டிருந்தால் எல்4-க்குப் பின்னால் உள்ள தண்டுவடப் பகுதியில். எக்ஸ்ரே எங்கே மையப்பட வேண்டும் என்பதை இந்தப் பரிசோதனைதான் சொல்கிறது.

கடைசியாக ஆழ்வலி, அதாவது எலும்பையே அழுத்தும்போது உணரும் வலி. பின்னங்கால் விரலெலும்பை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் (மருத்துவ இடுக்கி) அழுத்தும்போது நாய் தலையைத் திருப்ப வேண்டும், கத்த வேண்டும், அல்லது கடிக்க வர வேண்டும். காலை மட்டும் இழுத்துக்கொண்டால் அது வெறும் அனிச்சை. மூளைக்குச் செய்தி போனதற்கு அது சான்றாகாது. இந்த வேறுபாட்டைத் தவறவிட்டு, 'வலி இருக்கிறது' என்று அட்டையில் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது. நாய் ரத்த அழுத்தம் விழுந்து அதிர்ச்சி நிலையில் இருந்தால் ஆழ்வலி இல்லாதது போலத் தோன்றலாம். ரத்த அழுத்தம் சீரானபின் மறுபடி பாருங்கள்.

முன்னங்கால் இரண்டும் கட்டை போல விறைத்திருக்கின்றன. கழுத்தும் உடைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நடுமுதுகில் கடுமையான அடி பட்டால், இடுப்புப் பகுதித் தண்டுவடத்திலிருந்து முன்னங்காலுக்குப் போகும் அடக்குச் செய்தி அறுபடுகிறது; அதனால் முன்னங்கால் விறைக்கிறது. இதற்கு ஷிஃப்–ஷெரிங்டன் நிலை என்று பெயர். அந்த முன்னங்கால்களில் உணர்வும் இயக்கமும் சரியாகவே இருக்கும். இந்த விறைப்பை மட்டும் பார்த்து 'பிழைக்காது' என்று தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மயக்க மருந்து கொடுத்து எடுப்பதா, கொடுக்காமலா?

முதுகைச் சுற்றியுள்ள தசைகள் இறுகி, ஆடும் எலும்பைப் பிடித்து வைத்திருக்கின்றன. முழு மயக்கத்தில் அந்தப் பிடி விட்டுப்போகும். அந்த நிலையில் நாயைப் புரட்டினால், ஓரளவு வேலை செய்துகொண்டிருந்த தண்டுவடம் நசுங்கக்கூடும். பலகையில் அமைதியாகக் கிடக்கும் நாய்க்கு வலி மருந்து மட்டும் போதும். திமிறி உருளும் நாய்க்கு மயக்கம் கொடுப்பதே பாதுகாப்பு. அப்போது மருந்து ஏறியதிலிருந்து தெளியும் வரை பலகைக் கட்டை அவிழ்க்காதீர்கள்.

பலகையோடு சேர்த்தே படம் எடுக்கலாமா?

எடுக்கலாம், எடுக்கவும் வேண்டும். மரமும் ப்ளைவுட்டும் கதிரை அதிகம் தடுக்காது. உங்கள் கிளினிக் பலகையை ஒருமுறை வெறுமனே வைத்துப் படம் எடுத்துப் பாருங்கள். ஆணியோ திருகோ முள்ளெலும்பின் மேல் விழுகிறதா என்று தெரிந்துவிடும். கழுத்துப் பட்டை, சங்கிலி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுங்கள். ரோமத்தில் ஒட்டிய சேறும் சிறு கற்களும் படத்தில் எலும்புத் துண்டு போலவே தெரியும். ஈரமும் அப்படித்தான். மேல்பக்கத்தை மெதுவாகத் துடையுங்கள்.

எத்தனை படம், எங்கே மையம்?

முதலில் பக்கவாட்டுப் படம், கழுத்திலிருந்து திரிகம் வரை முழு முதுகுக்கும். முதுகு முறிந்த நாய்களில் 20 சதவீதம் வரை இன்னோர் இடத்திலும் முறிந்திருக்கும். ஒன்றைக் கண்டதும் கண் நின்றுவிடுவதுதான் இரண்டாவது தவறிப்போகக் காரணம்.

சிறிய நாய்க்கு இரண்டு மூன்று படங்கள் போதும். 20 கிலோவுக்கு மேல் என்றால் ஐந்து ஆகும்: சி3–சி4, கழுத்தும் மார்பும் சேரும் இடம், டி6–டி7, டி13–எல்1, எல்4–எல்5. திரிகம் கடைசிப் படத்தின் ஓரத்தில் மட்டும் விழுந்தால் எல்7 மையமாக இன்னொன்று. ஒரே நீளப் படத்தில் முழு முதுகையும் அடக்கினால், கதிர் விரிந்து சாய்வாகப் போவதால் ஓரங்களில் உள்ள வட்டு (முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள மெத்தை) இடைவெளிகள் பொய்யாகக் குறுகித் தெரியும். படத்தின் ஓரத்தில் சந்தேகம் வந்தால் அந்த இடத்தை மையமாக வைத்து மறுபடி ஒன்று எடுங்கள். ஒளிக்கட்டத்தை (கதிர் விழும் பரப்பை) முதுகை ஒட்டிய குறுகிய பட்டையாகச் சுருக்கினால் சிதறல் குறைந்து எலும்பின் விளிம்பு கூர்மையாகும்.

அளவுகளுக்குத் தொடக்கமாக இந்தக் கணக்கு உதவும். எக்ஸ்ரே குழாய்க்கும் படம் பதியும் தட்டுக்கும் இடையே தூரம் 100 செ.மீ. என்றால், உடலின் தடிமனை செ.மீ.-ல் அளந்து இரண்டால் பெருக்கி 40 கூட்டினால் கே.வி. (கதிரின் ஊடுருவும் திறனைத் தீர்மானிக்கும் மின்னழுத்தம்) வரும். 14 செ.மீ. நாய்க்கு 68. தடிமன் 10 செ.மீ.-க்கு மேல் போனால் கிரிட் (சிதறிய கதிரை வடிக்கும் தட்டு) வேண்டும். அதற்காக 6 முதல் 10 கே.வி. கூட்டுங்கள். 10 முதல் 15 எம்.ஏ.எஸ். (வெளிவரும் கதிரின் அளவு) வைத்துப் பார்த்து, உங்கள் இயந்திரத்துக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளுங்கள். எலும்புக்குக் கே.வி.-யை ஏற்றுவதைவிட எம்.ஏ.எஸ்.-ஐ ஏற்றுவது நல்லது, கறுப்பு வெள்ளை வேறுபாடு நன்றாக நிற்கும்.

இரண்டாவது கோணம் கட்டாயமா? நாயை மல்லாத்த வேண்டுமே?

கட்டாயம். பக்கவாட்டுப் படத்தில் நேராகத் தெரியும் முதுகு, மேலிருந்து பார்த்தால் பக்கவாட்டில் விலகியிருக்கலாம். ஆனால் நாயை மல்லாத்த வேண்டாம். எக்ஸ்ரே குழாயைத்தான் திருப்ப வேண்டும்.

நாய் பக்கவாட்டில் படுத்தபடியே இருக்கட்டும். கேசட்டை (படம் பதியும் தட்டை) முதுகுக்குப் பின்னால் செங்குத்தாக நிறுத்தி மணல்மூட்டையால் முட்டுக் கொடுங்கள். குழாயை 90 பாகை திருப்பி, கதிர் வயிற்றுப் பக்கமிருந்து முதுகுக்குக் கிடைமட்டமாகப் போகும்படி வையுங்கள். தூரம் அதே 100 செ.மீ. கேசட் சாய்ந்திருந்தால் கிரிட் கதிரைத் தின்றுவிடும், படத்தின் ஒரு பாதி வெளிறிப்போகும். எந்தப் பக்கம் மேலே என்று அடையாள எழுத்து வைக்க மறக்காதீர்கள். பிறகு குழம்பினால் அறுவை மருத்துவர் தவறான பக்கம் திறப்பார்.

கிடைமட்டக் கதிர் எதிர்ச்சுவரை நோக்கிப் போகிறது. அந்தச் சுவருக்கு அப்பால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். கேசட்டைக் கையால் பிடிக்க யாரையும் நிறுத்தாதீர்கள்.

குழாய் திரும்பாத இயந்திரமா? பக்கவாட்டுப் படத்திலேயே விலகல் தெளிவாகத் தெரிந்தால் அதோடு நிறுத்திவிட்டு, நாயைப் பலகையோடு சி.டி. ஸ்கேன் வசதி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். இன்னொரு படத்துக்காகப் புரட்டுவதைவிட அது மேல்.

நாயை நான் பிடித்துக்கொள்ளலாமா?

வேண்டாம். பலகையில் கட்டிய நாயைப் பிடிக்கத் தேவையே இல்லை. தவிர்க்க முடியாத நேரத்தில் ஈய ஏப்ரன், கையுறை, தைராய்டு கவசம் மூன்றும் வேண்டும். கர்ப்பிணிகளும் 18 வயதுக்கு உட்பட்டவர்களும் அறைக்குள் இருக்கக் கூடாது. ஈயக் கையுறை சிதறிய கதிரைத்தான் தடுக்கும். நேர்க் கதிருக்குள் கையை வைத்தால் காப்பாற்றாது. கதிர்வீச்சுப் பணியாளருக்கு இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வகுத்த உச்ச அளவு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். மார்பில் அணியும், கதிரை அளக்கும் பேட்ஜை மேசை டிராயரில் பூட்டி வைத்தால் எவ்வளவு வாங்கினோம் என்பது ஒருபோதும் தெரியாது.

படத்தை எந்த வரிசையில் படிப்பது?

முதலில் படம் நேராக எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பக்கவாட்டுப் படத்தில் இருபக்க விலா முனைகளும், இடுப்பில் இருபக்கக் குறுக்கு நீட்சிகளும் (முள்ளெலும்பின் பக்கச் சிறகுகள்) ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். சுழன்ற படத்தில் இல்லாத முறிவும் தெரியும், இருக்கும் முறிவும் மறையும். ஒரே படத்தில் முன்பாதி சரியாகவும் பின்பாதி சுழன்றும் இருந்தால், இடையில் ஏதோ திருகியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து, தண்டுவடக் கால்வாயின் (தண்டுவடம் செல்லும் எலும்புப் பாதை) தரையைக் கண்ணால் ஒரு கோடாகத் தொடருங்கள். பிறகு கூரையை. படி போல ஒரு இடத்தில் ஏறினாலோ இறங்கினாலோ அங்கே நில்லுங்கள். பிறகு ஒவ்வொரு முள்ளெலும்பையும் அண்டை எலும்போடு ஒப்பிடுங்கள். உடல் குட்டையாகவோ ஆப்பு வடிவமாகவோ இருந்தால் நசுங்கல். எலும்புக்குள் வெள்ளைக் கோடு தெரிந்தால் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கலாம்; கறுப்புக் கோடு, பிரிந்த இடைவெளி. வட்டு இடைவெளி குறுகியதா, விரிந்ததா? இடுப்பில் நரம்பு வெளிவரும் துளை குதிரைத்தலை வடிவத்தில் இருக்கும். ஒரு துளை மட்டும் வடிவம் கெட்டிருந்தால், எலும்பில் கோடே தெரியாவிட்டாலும் அங்கே விலகல் உண்டு. மேலே உள்ள சிறு மூட்டுகளின் இடைவெளி, முள் நீட்சிகளுக்கு இடையிலான தூரம், விலாவின் தலை எல்லாவற்றையும் பாருங்கள். இடுப்பு முள்ளெலும்புகளுக்குக் கீழே கொழுப்பின் நிழல் கலங்கியிருந்தால் ரத்தக் கசிவு என்று எண்ணுங்கள்.

அதிகம் முறிவது மார்பும் இடுப்பும் சேரும் பகுதி, டி11 தொடங்கி எல்2, எல்3 வரை. அசையாத விலாக்கூடு முடிந்து அசையும் இடுப்பு தொடங்கும் இடம் அது. கழுத்தில் அதிகம் முறிவது சி2.

முறிவு போலத் தெரிந்து ஏமாற்றுபவை எவை?

டி10–டி11 வட்டு இடைவெளி இயல்பாகவே குறுகலானது. எல்3, எல்4 எலும்புகளின் அடிவிளிம்பு மங்கித் தெரியும், உதரவிதானத்தின் தசைகள் அங்கேதான் பற்றுகின்றன. எல்7 இயல்பிலேயே எல்6-ஐவிடக் குட்டை. பக், புல்டாக் இனங்களில் பிறவியிலேயே ஆப்பு வடிவ எலும்புகள் இருக்கும். அவற்றின் விளிம்பு வழவழப்பாகவும் அண்டை எலும்புகள் அதற்கேற்ப வளர்ந்தும் இருக்கும். புது முறிவின் விளிம்பு கூர்மையானது. மேலிருந்து எடுத்த படத்தில் குடலில் உள்ள மலம் திரிகத்தை மறைக்கும்.

குட்டிகளில் முள்ளெலும்பின் இரு முனைகளிலும் தெரியும் கறுப்புக் கோடு வளர்ச்சித்தட்டு. ஏறக்குறைய 7 முதல் 12 மாதத்துக்குள் அது மூடும். எல்லா எலும்பிலும் ஒரே அகலத்தில் இருந்தால் இயல்பு. ஒன்றில் மட்டும் விரிந்தோ படியாகவோ இருந்தால் அதன் வழியே முறிந்திருக்கிறது. குட்டிகளில் பலவீனமான இடம் இதுதான்.

விழவும் இல்லை, அடிபடவும் இல்லை. குட்டியின் முதுகு ஏன் முறிந்தது?

என்ன சாப்பிடுகிறது என்று கேளுங்கள். வெறும் இறைச்சியும் சோறும் தின்று வளரும் குட்டிக்குக் கால்சியம் போதாது. இறைச்சியில் பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல 15 மடங்குக்கு மேல் இருக்கும். ரத்தத்தில் கால்சியத்தைக் காப்பாற்ற உடல் எலும்பைக் கரைக்கிறது. படத்தில் எலும்புகள் சுற்றியுள்ள தசையளவுக்கே வெளுத்து, புறணி (எலும்பின் வெளிச்சுவர்) மெலிந்து, முள்ளெலும்புகள் மடங்கி நசுங்கியிருக்கும். இங்கே முதல் சிகிச்சை உணவு மாற்றம். திருகு போட்டால் பிடிக்க எலும்பு இல்லை.

வயதான நாயில் சிறு அசைவுக்கே முறிந்தால் அந்த எலும்பைப் புற்றோ கிருமித்தொற்றோ அரித்திருக்கிறதா என்று பாருங்கள். பொமரேனியன் போன்ற சிறு இனங்களில், ஒரு வயதுக்குள், கட்டிலிலிருந்து குதித்ததற்கே கழுத்துவலியும் நான்கு கால் தள்ளாட்டமும் வந்தால் சி1–சி2 இணைப்பு தளர்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட நாயின் கழுத்தை மடக்கிப் படம் எடுக்கவே கூடாது.

அடிபட்டதை யாரும் பார்க்கவில்லை. படமும் சுத்தம். நாய் மட்டும் எழவில்லை.

வட்டுப் பிதுக்கம், தண்டுவட ரத்தக்குழாய் அடைப்பு, பின்னங்கால் தமனியில் ரத்தக்கட்டி ஆகியவை பட்டியலில் வரும். நம் ஊரில் வெறிநோயையும் சேர்க்க வேண்டும். தடுப்பூசி போடாத நாய், மேலேறிவரும் வாதம், தொங்கும் தாடை, வழியும் எச்சில் என்றால் வாய்க்குள் கைவிட்டுப் பார்க்காதீர்கள்; தனியாக அடைத்து வையுங்கள்.

படம் சுத்தமாக இருந்தால் முறிவு இல்லை என்று நம்பலாமா?

நம்ப முடியாது. சி.டி.-யோடு ஒப்பிட்டால், சாதாரண எக்ஸ்ரே ஏறக்குறைய நான்கில் ஒரு முறிவைத் தவறவிடுகிறது. கால்வாய்க்குள் விழுந்த சிறு துண்டுகளை இன்னும் அதிகமாகத் தவறவிடுகிறது. நரம்புப் பரிசோதனை டி12-ஐக் காட்ட, படம் ஒன்றும் காட்டாவிட்டால், பரிசோதனையை நம்புங்கள். நாயைப் பலகையிலேயே வைத்து சி.டி.-க்கு அனுப்புங்கள். அதற்கு வழியில்லையென்றால் முறிவு இருப்பதாகவே கொண்டு கூண்டு ஓய்வில் வையுங்கள். எலும்புக்கு சி.டி., தண்டுவடத்துக்கு எம்.ஆர்.ஐ.

ஆடும் முறிவா, நிலையான முறிவா என்று படத்தில் தெரியுமா?

முள்ளெலும்பை மூன்று அடுக்காகப் பிரித்துப் பாருங்கள். மேலடுக்கில் முள் நீட்சி, வளைவு, சிறு மூட்டுகள். நடு அடுக்கில் கால்வாயின் தரையும் அதை ஒட்டிய வட்டின் மேற்பகுதியும். கீழடுக்கில் எலும்பு உடலின் மீதியும் வட்டின் மீதியும். இரண்டு அடுக்கு சேதமானால் அது ஆடும் முறிவு. பெரும்பாலும் அறுவை தேவை. முள் நீட்சி மட்டும் ஒடிந்தது ஓய்விலேயே ஆறும். சேதமான தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது. ஆகவே சந்தேகம் வந்தால் ஆடும் முறிவு என்ற பக்கமே நில்லுங்கள். வளைத்துப் பார்த்துச் சோதிக்கும் படங்கள் அடிபட்ட நாய்க்கு ஆகாது.

எலும்பு முழுக்க விலகியிருக்கிறது. இனி நடக்குமா?

படத்தை மட்டும் காட்டிக் கேட்டால் இதற்கு நேர்மையான பதில் கிடையாது. எக்ஸ்ரே, எலும்பு இப்போது எங்கே நிற்கிறது என்பதைக் காட்டுகிறது. அடிபட்ட நொடியில் எவ்வளவு தூரம் போய்த் திரும்பியது என்பதைக் காட்டாது. அரை சென்டிமீட்டர் விலகலோடு நடந்து வீடு திரும்பும் நாய்கள் உண்டு. மயிரிழை விலகலோடு தண்டுவடம் அறுந்த நாய்களும் உண்டு. இடமும் முக்கியம். தண்டுவடம் எல்6 அருகில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பின்னால் நரம்புக் கற்றைகள்தான். அவை இழுப்பைத் தாங்கும். ஆகவே எல்7-ல் பயங்கரமாகத் தெரியும் விலகல், டி13-ல் லேசாகத் தெரிவதைவிட நல்ல முடிவு தரலாம்.

முடிவைச் சொல்வது ஆழ்வலி. அது இருந்தால், நடக்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. எலும்பு விலகி ஆழ்வலியும் போயிருந்தால் வாய்ப்பு மிகக் குறைவு. வட்டுப் பிதுக்கத்தில் ஆழ்வலி போன நாய்களில் அறுவைக்குப் பின் ஏறக்குறைய பாதி நடக்கின்றன. அந்தக் கணக்கை முறிவுக்குச் சொல்லி வளர்ப்பவருக்கு ஆசை காட்டக் கூடாது. எதிர்த்திசையிலும் எச்சரிக்கை வேண்டும்: பரிசோதிக்காமல், எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துப் பார்த்தே கருணைக்கொலைக்குக் கையெழுத்து வாங்குவது அந்த நாய்க்குச் செய்யும் அநியாயம்.

ஓய்வில் வைத்தால் எப்போது மறுபடி படம்?

நரம்புநிலை மோசமானால் அன்றே. இல்லையென்றால் 4 முதல் 6 வாரத்தில். நாய் திரும்ப மட்டும் இடமுள்ள கூண்டில் 6 முதல் 8 வாரம் இருக்க வேண்டும். தானாகப் போகாவிட்டால் 6 முதல் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை மூத்திரப்பையை அழுத்திக் காலி செய்ய வேண்டும். ஸ்டீராய்டு ஊசியை வழக்கமாகப் போடுவதை இப்போது பரிந்துரைப்பதில்லை. வலிநிவாரணி மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் குடல் ஓட்டையாகும் ஆபத்தும் உண்டு.

படத்தை வேறு மருத்துவருக்கு அனுப்புவது எப்படி?

டிஜிட்டல் என்றால் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வகை) கோப்பாகவே அனுப்புங்கள். ஃபிலிம் என்றால் விளக்குப்பெட்டியில் மாட்டி, அறை விளக்கை அணைத்து, ஃபிளாஷ் இல்லாமல், நேர் எதிரில் நின்று ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக எடுங்கள். வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் படம் நசுங்காது. கூடவே நான்கு விஷயங்கள் எழுதுங்கள்: அடிபட்ட நேரம், பரிசோதித்த நேரம், ஒவ்வொரு காலிலும் இயக்கமும் ஆழ்வலியும், கொடுத்த மருந்துகளும் அவற்றின் நேரமும்.